ஆவும் எருமையும்

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் வைபவத்தின் பொருட்டுத் தண்டலம் சென்றிருந்தோம். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் பேருந்துக்காக நின்றபோது, தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஒருவர் ஸலாம் கூறி நம் கரம் பற்றினார். "உஸ்தாது, என்னைத் தெரிகிறதா?" என்றார். தெரிந்தது, நம் தலை தாழ்ந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதியவர் அவர். மற்றவர்கள் பாடத்தை ஒப்புவித்து முடித்த பின்னும் அவர் வாய் திறவார். நாமோ இயல்பில் அவசரக்காரர். ஒருநாள் நன்னூல் உவமையை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் அவரை எருமை என்றோம். மறுவாரம் முதல் அவர் மத்ரஸாவுக்கு வரவில்லை.

இன்று அவர் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். புதிதாய்ச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் அளிக்கிறார். "நான் மெதுவாகத்தான் பார்ப்பேன் உஸ்தாது, ஒருமுறைக்கு நான்கு முறை. அதனால் கண்ணுக்குத் தப்புவது குறைவு" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை.

வீடு திரும்பி நன்னூலைப் புரட்டினோம். பவணந்தியார் அன்னத்தையும் ஆவையும் தலைமாணாக்கர்க்கு உவமையாக்குகிறார். மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடை. எருமையின் குற்றம் மந்தம் அன்று; குளத்தைக் கலக்கிக் குடிப்பது. கண்ட புல்லை வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தே அமர்ந்து அசைபோடுவது ஆவின் இயல்பு. நாம் எருமை என்றது ஆவை. நாம் மெச்சியவர் பலர் கிளிகள்!

உளநூலார் இன்று மனித சுபாவத்தை ஐந்து பெரும் பண்புகளாகப் பகுக்கின்றனர். 2009-இல் ஆத்திரேலியாவின் ஆர்தர் பொரோபாட், 70,000-க்கும் மேற்பட்ட மாணாக்கரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். கருமமே கண்ணாக முயலும் பண்பு தேர்ச்சியோடு இணைந்து நிற்பதையும், அவ்விணைப்பு பெரும்பாலும் அறிவுக்கூர்மையைச் சாராததையும் கண்டார்.

நமக்கு இது புதிய செய்தியும் அன்று. அப்துல் கைஸ் கூட்டத்தாரின் அஷஜ்ஜு (ரலி) அவர்களிடம் அல்லாஹ் நேசிக்கும் இரு குணங்கள் உள்ளன என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். அவை சகிப்பும் நிதானமும். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள அந்த ஹதீஸை நாமே பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். நிதானம் அம்மாணவரிடம் இருந்தது. நம்மிடம் இரண்டுமே இல்லை.

பவணந்தியார் மாணாக்கரின் இயல்பைச் சொல்லுமுன் ஆசிரியரின் இயல்பைச் சொல்கிறார். நிலத்தின் பொறையை அவரிடம் எதிர்பார்க்கிறார். பாடம் சொல்லும் முறையை நாம் கற்றோம். நம் சுபாவத்தைத் திருத்தும் பயிற்சியைத் தேடவே இல்லை.

இப்போது வகுப்பில் ஒரு வினா கேட்டபின், மனத்துள் பத்துமுறை ஸுப்ஹானல்லாஹ் சொல்லிக் காத்திருக்கிறோம். பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் வாய் திறக்கத் தொடங்கியுள்ளனர்.

தண்டலத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "துஆச் செய்யுங்கள் உஸ்தாது" என்று மட்டும் கூறிப் பேருந்து ஏறினார்.