அந்த உதையை நான் பார்க்கவில்லை

கானர் ஸ்வீனியின் அந்த உதையை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல மெருகேறி, கடைசியில் எனக்கே பார்த்த மாதிரி இருந்தது.

2020 நவம்பர் தொடக்கம். அயர்லாந்தின் லிமரிக்கில் மன்ஸ்டர் மாகாண கேலிக் கால்பந்து அரையிறுதி. ஆட்டம் முடியப் போகிறது, எங்கள் டிப்பரேரி பின்தங்கியிருக்கிறது. வழக்கம்போலத்தான் என்று திரையை அணைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். அந்த நேரத்தில்தான் ஸ்வீனி பக்கக்கோட்டில் பந்தை வைத்து, கோணமே இல்லாத இடத்திலிருந்து கம்பத்துக்கு மேலே அனுப்பி ஆட்டத்தைச் சமன் செய்திருக்கிறார். கூடுதல் நேரத்தில் டிப்பரேரி வென்றது. எனக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்.

எங்கள் ஊர் தர்ல்ஸ். இங்கே ஆட்டம் என்றால் ஹர்லிங். கேலிக் கால்பந்து வேண்டாத பிள்ளை. கிளான்மெல்லில் இருக்கும் அண்ணனுக்கோ அதுதான் உயிர். ஆளில்லாத திடல்களில் ஃபிளாஸ்க்கும் மழைக்கோட்டுமாக நின்று நாற்பது வருடம் தோல்விகளைப் பார்த்த மனுஷன். "இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க, நீயும் நடுவரும் மட்டும்தானா?" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

அந்த ஆண்டு கொரோனாவால் எல்லாமே மாறிப்போயிருந்தது. 2001 முதல் தோற்றவர்களுக்கு இருந்த மறுவாய்ப்பை எடுத்துவிட்டார்கள். ஒருமுறை தோற்றால் வீடு. திடலுக்குள் ரசிகர்களுக்கும் அனுமதியில்லை. என் பொய் பிழைத்தது இந்தப் பூட்டிய கதவால்தான். வேறு வருடமென்றால் "எந்தப் பக்கம் நின்னே?" என்ற ஒரு கேள்வியில் குட்டு உடைந்திருக்கும். அந்த வருடம் நாற்பது வருட பக்தனும் நேற்று முளைத்த ரசிகனும் அவரவர் வீட்டு சோபாவில்தான்.

மன்ஸ்டரின் இன்னொரு அரையிறுதியில் கெர்ரியை மார்க் கீனின் கடைசி நொடி கோலால் கார்க் வீழ்த்தியது. நவம்பர் 22, கார்க்கில் மன்ஸ்டர் இறுதி. அதற்கு முந்தைய நாள் இரத்த ஞாயிறின் நூறாவது ஆண்டு. 1920இல் டிப்பரேரியும் டப்ளினும் ஆடிக்கொண்டிருந்த குரோக் பார்க்கில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அன்று டிப்பரேரி அணி அணிந்த வெள்ளை-பச்சைச் சட்டை போலவே தைத்த சட்டையில் இறங்கிய எங்கள் பையன்கள் கார்க்கை 17-14 என்று வென்றார்கள். மன்ஸ்டர் பட்டம் 1935க்குப் பிறகு அப்போதுதான்.

நானும் அழுதேன், அது நிஜம். உடனே தொலைபேசியை எடுத்து ஊரெல்லாம் கூப்பிட்டு, "85 வருஷம் காத்திருந்தோம்" என்றேன். காத்திருந்தோமாம்! அண்ணனைக் கடைசியாகத்தான் கூப்பிட்டேன். அவர் குரல் கம்மியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. லிமரிக்கில் ஸ்வீனி அடித்ததைப் பார்த்த கணமே இந்த வருஷம் நமக்குத்தான் என்று தெரிந்துவிட்டது என அளந்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பாத்தியா?" என்றார். "பாத்தேன்" என்றேன்.

டிசம்பர் 6, அகில அயர்லாந்து அரையிறுதி, மேயோவோடு. குரோக் பார்க்கில் பனிமூட்டம் இறங்கி, திரையில் யார் யாரென்றே தெரியவில்லை. அந்த மூட்டத்துக்குள் கில்லியன் ஓ'கானர் மட்டும் 4 கோலும் 9 புள்ளியும் அடித்தார். அவர்களின் 5 கோல் 20 புள்ளிக்கு எங்களுடையது 3 கோல் 13 புள்ளி என்று தோற்றோம். இம்முறை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலடா, ஒரே வெள்ளை. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமே?"

கேலியா, நிஜமான கேள்வியா என்று குரலில் பிடிபடவில்லை. "இல்லண்ணா, எனக்கும் தெரியல" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டார். லிமரிக்கைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.