உரியாவின் பெயர்

திருவிருந்து ஞாயிறுகளில் நான் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. முன்வரிசைக்காரர்கள் எழுந்து பீடத்துக்குப் போகும்போது பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிவிடலாம். சபையில் இதை எழுத்தாள கர்வம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் அதுவல்ல, ஒரு வரி.

நண்பன் ஒருவன் தன் கவிதை நோட்டை என்னிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து நான் எழுதிய கவிதையொன்றில் அவனுடைய வரி வந்து உட்கார்ந்துகொண்டது. 'வந்து உட்கார்ந்துகொண்டது' என்று எழுதுகிறேன், பாருங்கள். எடுத்தேன். அந்தக் கவிதையில் நிற்பதே அந்த வரிதான் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அவனும் படித்திருப்பான். கேட்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அட்டையைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டான். அடுத்த வருஷம் இறந்துபோனான்.

எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் பாவத்துக்கு அதிகமாக வழங்கும் சொற்கள் குறி தவறுதல் என்ற பொருளையும் கொண்டவை. அம்பு எய்தவனின் பார்வை அது. தவறிய அம்பு யார் மேல் போய்த் தைத்தது என்று அந்தச் சொற்கள் கேட்பதில்லை. தமிழில் செய்தவன் பாவி. பட்டவனைப் பார்த்தும் 'ஐயோ பாவம்' என்கிறோம். இரண்டு பேரையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டிருக்கிறது பேச்சுவழக்கு. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

உரியாவைக் கொல்ல ஏற்பாடு செய்யச் சொல்லி யோவாபுக்கு எழுதிய கடிதத்தைத் தாவீது உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். வேதத்தில் இதைவிடக் கொடிய காட்சி எனக்குத் தெரியாது. பிற்பாடு நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்ல, ராஜாவுக்குக் கதையில் வரும் பணக்காரன் மேல் ஆத்திரம் பொங்குகிறது. தன்னைத் தவிர எல்லாரையும் புரிந்துகொள்ளும் வாசகன். அந்தச் சமயத்தில் பாடியதாகத் தலைப்பிட்ட 51ஆம் சங்கீதத்தில், தேவனுக்கு மட்டுமே விரோதமாகப் பாவம் செய்ததாக அவன் சொல்கிறான். எல்லாப் பாவமும் முடிவில் தேவனுக்கு எதிரானதுதான் என்று வியாக்கியானம் செய்வார்கள். இருக்கட்டும். இரத்தப்பழி என்று ஓரிடத்தில் வருகிறது. யாருடைய ரத்தம் என்று இல்லை. பாட்டில் உரியாவே இல்லை.

எனக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான். பாவம் செய்தால் கடவுள் விலகிப்போவார், ஜெபம் வறண்டுவிடும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வறளவில்லை. முன்னைவிட நன்றாக வந்தது. துக்கத்துக்குத் தகுந்த வாக்கியம், வாக்கியத்துக்குத் தகுந்த நிறுத்தம். ஒரு ராத்திரி முழந்தாளில் நின்றபடியே ஒரு சொல்லை மாற்றிப் போட்டு, முதலிலிருந்து மறுபடி ஜெபித்தேன். அன்றுதான் பயம் வந்தது. எதிரில் இருந்தவர் கடவுளாக இல்லை, பத்திரிகாசிரியராக இருந்தார்.

குருவானவரிடம் சொன்னேன். கிறிஸ்து மன்னித்தாயிற்று, நீர் ஏன் சுமக்கிறீர் என்றார். அது எனக்கும் தெரியும். மன்னிப்பு கிடைக்காதோ என்பதல்ல என் கவலை. கிடைத்துவிடும், அவனைத் தாண்டிக்கொண்டு. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. சகோதரன் கல்லறையில் இருந்தால் என்ன செய்வது என்று இல்லை.

அதே மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று எழுதவில்லை. உரியாவின் மனைவி என்கிறார். ஆயக்காரர் அல்லவா, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று குறித்து வைக்கிற பழக்கம். சங்கீதக்காரன் விட்ட பெயரைக் கணக்கர் எழுதி வைத்திருக்கிறார்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. நோட்டு பத்திரமாக இருந்தது. அவன் மனைவி காப்பி கொடுத்துவிட்டு, "நீங்கதான் அண்ணாச்சி இவங்க கவிதையப் பத்தி நாலு வார்த்தை எழுதணும், உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்கள். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.