பாலக்காடு முதல் பாலா வரை

கோயமுத்தூரை விட்டு மேற்கே செல்லும் வண்டி வாளையாற்றைத் தாண்டியதும், சன்னல் வழியே வரும் காற்றின் வேகம் மாறுவதைப் பிரயாணிகள் உணரலாம். வடக்கே நீலகிரித் தொடரும் தெற்கே ஆனைமலைத் தொடரும் ஒதுங்கி நிற்க, இடையே முப்பது கிலோமீட்டர் அளவுக்கு அகன்று கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். 1862-ஆம் ஆண்டிலேயே இதன் வழியாக இருப்புப் பாதை அமைந்துவிட்டது. காற்றும் வண்டியும் வந்த வழியே நம்மவரும் பிழைப்பு நாடி வந்தனர். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் இன்றும் வீதியில் தமிழொலி கேட்கிறது.

இவ்வூரையும் இடுக்கி மலைநாட்டையும் பற்றி எழுதுவோர் கோட்டையையும் அணையையும் தேயிலைத் தோட்டங்களையும் வருணிப்பது வழக்கம். நான் எழுத விரும்புவது வேறொன்று. நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. பெண் நன்றாக ஓடுகிறாள், தாண்டுகிறாள் என்று பள்ளி ஆசிரியர் சொல்லியனுப்பினால், பெற்றோர் மகிழ்வதற்கு முன் அஞ்சுகின்றனர். ஓட்டத்தில் இறங்கினால் படிப்பு என்னாகும்? விடுதிக்கு அனுப்பினால் ஒழுக்கமும் பக்தியும் என்னாகும்? இக்கேள்விக்கு இவ்விரு மலைப்பகுதிகளிலும் நடைமுறையில் விடை கிடைத்திருக்கிறது. அவ்விடையைத் தேடிச் செல்லும் பயணமே இக்கட்டுரை.

முதலில் பாலக்காடு. இங்குள்ள மெர்ஸி கல்லூரி, கார்மேல் அன்னை சபைக் கன்னியர் 1964-ஆம் ஆண்டில் மகளிருக்கென நிறுவியது. கேரளத்தின் வடகோடியில், கண்ணூர் மாவட்டத்து ஒற்றத்தை என்னும் மலைக் குடியேற்றக் கிராமத்திலிருந்து எம்.டி. வல்சம்மா என்ற பெண் இங்கே படிக்க வந்தார். 1979-இல் பூனாவில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்திலும் ஐந்திறப் போட்டியிலும் அவர் பதக்கம் பெற்றார். பயிற்றுவித்தவர் ஏ.கே. குட்டி, இவருக்கு 2010-இல் துரோணாச்சாரியர் விருது கிடைத்தது. வல்சம்மா பின்னர் தென்னக இரயில்வேயில் பணியேற்றார். 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். 1970-இல் பாங்காக்கில் வென்ற கமல்ஜீத் சந்துவைப் போலவே, ஆசிய விழாவின் ஓட்டக்களத்தில் தங்கம் கண்ட இந்தியப் பெண் இவர். அந்த ஓட்டத்தில் ஒரே சுற்றில் பத்துத் தடைகள் உண்டு. கால் தளர்ந்த பிறகுதான் கடைசித் தடை வருகிறது.

இனி இடுக்கிக்குச் செல்வோம். இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இம்மாவட்டத்தில் ஒரு குறை. இதற்குள் இன்றும் இரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது என்றால் பலர் வியப்பர். மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு இரயில் தேயிலை சுமந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. ஆகையால் பாலக்காட்டிலிருந்து செல்வோர் வண்டியில் ஆலுவாய் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக மலையேற வேண்டும். கோதமங்கலத்தை மலைநாட்டின் வாயில் என்பர். 1955-இல் தோன்றிய மார் அத்தனாசியஸ் கல்லூரி அங்கேதான் இருக்கிறது.

மலையில் இரு வகைக் குடிகள் வாழ்கின்றனர். தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறிக்கும் நம் தமிழர் ஒரு வகை. சமவெளியிலிருந்து ஏறிவந்து காடு திருத்தி மிளகும் ஏலமும் பயிரிட்ட மலையாளக் குடியானவர் மற்றொரு வகை. இடுக்கி மாவட்டத்துப் பெண்களின் பெயர்கள் உலக ஓட்டக்களத்தில் நிலைத்திருக்கின்றன. ஷைனி ஆபிரகாம் (பின்னர் ஷைனி வில்சன்) தொடுபுழைப் பக்கத்தவர். கே.எம். பீனாமோள் கொம்பிடிஞ்ஞால் ஊரினர். 2002-இல் பூசானில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் பெற்றவர். பிரீஜா ஸ்ரீதரன் இராஜாக்காட்டுக்கு அருகிலுள்ள முல்லக்கானத்தில் பிறந்தவர்.

ஷைனியும் பிரீஜாவும் கல்லூரிப் படிப்புக்குச் சென்ற இடம் பாலா. தொடுபுழையிலிருந்து தெற்கே இறங்கினால், கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் அவ்வூர் இருக்கிறது. அங்குள்ள அல்போன்சா கல்லூரியும், மெர்ஸியைப் போலவே, 1964-இல் தோன்றியதுதான். பாலா மறைமாவட்டத்தின் ஆயர் செபாஸ்தியன் வயலில் நிறுவியது. அருகிலுள்ள பரணங்கானத்தில் வாழ்ந்து 1946-இல் தம் 35 வயதில் மறைந்த துறவி அல்போன்சாவின் பெயர் அதற்கு இடப்பட்டது. அவர் வாழ்நாளில் பெரும்பகுதி நோயுற்றுப் படுத்திருந்தவர். 2008-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நடக்கவும் வலுவின்றிக் கிடந்தவரின் பெயர் தாங்கிய கல்லூரியிலிருந்து நாட்டின் வேகமான கால்கள் புறப்பட்டன என்பது எண்ணி மகிழத்தக்கது.

இரு கல்லூரிகளும் தோன்றி இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய மகளிர் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் நின்றனர். ஓடியவர் நால்வர்: வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி, பி.டி. உஷா. பாலக்காட்டில் படித்தவரும் பாலாவில் படித்தவரும் ஒரே குழுவில் ஓடினர். 3 நிமிடம் 32.49 வினாடி, ஏழாம் இடம். ஷைனி 1992-இல் பார்சிலோனாவில் நாட்டின் கொடி ஏந்தி முன்னே நடந்தார். ஒலிம்பிக்கில் அப்பேறு பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். பிரீஜா தென்னக இரயில்வேயில் வேலை பெற்று, 2010-இல் குவாங்சோவில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 வினாடியில் ஓடித் தங்கமும், 5,000 மீட்டரில் வெள்ளியும் கொணர்ந்தார்.

இதில் சமயத்தின் பங்கு என்ன? செபத்தால் கால் விரையும் என்று நான் சொல்ல வரவில்லை. பாலக்காட்டு முண்டூரின் அரசுதவிப் பள்ளி மைதானத்தில் தொடங்கிய பி.யு. சித்ரா 2017-இலும் 2019-இலும் 1,500 மீட்டரில் ஆசிய வாகையர் ஆனார். உஷாவை வளர்த்ததோ 1976-இல் கண்ணூரில் அரசு அமைத்த மகளிர் விளையாட்டுப் பிரிவு. எனவே வெற்றி எந்த ஒரு சமயத்தின் சொத்தும் அன்று.

கன்னியர் தந்தது வேறு. தொலைவிலுள்ள மலைக்கிராமத்துத் தாய், பதினேழு வயது மகளைத் தனியே அனுப்ப எதை நம்புவாள்? கூரையை நம்புவாள், நேரத்துக்குச் சோற்றை நம்புவாள், இரவில் கதவடைக்கும் ஒருவரின் சொல்லை நம்புவாள். அச்சொல்லைத் தந்தது விடுதி. கல்லூரி வாயிலில் சிலுவை இருப்பினும் உள்ளே படிப்போர் எல்லாச் சமயத்தவரும் ஆவர். விடியுமுன் எழுவதும், குறித்த நேரத்தில் உண்பதும், இரவில் விளக்கணைப்பதும் செபத்துக்கும் வேண்டும், பாடத்துக்கும் வேண்டும், பயிற்சிக்கும் வேண்டும். ஓட்டப் பந்தயத்தைப் பக்திக்கு உவமையாக்கிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் கருத்தும் இவ்வடக்கமே. நம் மரபில் இதனை நோன்பு என்போம்.

மூன்றும் முட்டிக்கொள்ளும் நாளும் வரும். குண்டளை இரயிலை வெள்ளம் கொண்டுபோன அதே 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தது. எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் எரிக் லிடல், 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை வருவதறிந்து அதில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடி 47.6 வினாடியில் தங்கம் வென்றார். அவ்வாண்டே பட்டமும் பெற்றார். பின் சீனாவில் ஆசிரியராகவும் சமயப் பணியாளராகவும் இருந்து, 1945-இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் உயிர்நீத்தார். எதை விடலாம், எதை விடலாகாது என்பதை முன்னரே தெளிந்திருந்ததே அவர் பலம். கத்தோலிக்கர் ஞாயிறு பூசை கண்டபின் களமிறங்கலாம் என்பதால் இங்குள்ள பெண்களுக்கு அச்சிக்கல் அவ்வளவாக இல்லை. அவர்களுக்குச் சிக்கல் தருவது படிப்பே. போட்டிக்காக நாட்கணக்கில் வெளியூர் சென்றால் பாடம் தவறும். தவறியதைத் திரும்பப் படிக்கச் செய்ய ஒருவர் வேண்டும்.

சென்ற ஆண்டு மூணாற்றுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பெரியப்பா மகளைக் காணச் சென்றேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் உபஜில்லா ஓட்டத்தில் முதலாக வந்திருந்தாள். “புள்ள நல்லாத்தான் ஓடுது தம்பி. ஓட்டம் சோறு போடுமா?” என்று அக்காள் கேட்டாள். லயத்து வாசலில் அமர்ந்து, நான் அறிந்த கணக்கைச் சொன்னேன். இரயில்வேயில் விளையாட்டு வீரருக்கெனத் தனியே வேலை ஒதுக்கீடு உண்டு. ஆயினும் பத்தாம் வகுப்புக்கு ஒரு படி, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு படி, பட்டத்துக்கு ஒரு படி எனப் பதவிகள் வேறுபடும். பதக்கம் வாசல் வரை கொண்டுவிடும். எந்த நாற்காலியில் அமர்வது என்பதைச் சான்றிதழே தீர்மானிக்கும். பத்தோடு படிப்பை நிறுத்தியவனாகையால் இதை நான் நன்கறிவேன். ஒரு நாள் முழங்கால் பிசகினால் ஓட்டம் நின்றுவிடும். படித்த படிப்பு நில்லாது. அக்காள் மறுமொழி கூறவில்லை. ஆனால் மகளின் சான்றிதழை எடுத்துவந்து காட்டினாள்.

மலைக் குடியானவரின் பெண்கள் சென்ற வழியில் நம் தோட்டத்துப் பெண்கள் ஏன் செல்லலாகாது? கால் வலுவில் இவர்கள் குறைந்தவரல்லர். செங்குத்தான தேயிலைச் சரிவில் பள்ளிக்கு ஏறி இறங்கும் குழந்தைகள் இவர்கள். குறைவது தகவலும், உடன் சென்று கேட்க ஓர் ஆளுமே. கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எப்போது மனுச் செய்வது, எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும், விடுதிக் கட்டணம் எவ்வளவு, தமிழ்வழிப் பள்ளியில் படித்தவருக்கு மலையாளத்தில் யார் துணை செய்வர் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தோட்டந்தோறும் சேர்ப்பது சங்கத்தால் இயலாத காரியம் அன்று. தேர்வு நாளில் பெண்ணுடன் ஒரு பெண்மணி துணைக்குச் செல்வதும், இருவருக்கும் பேருந்துச் செலவு கொடுப்பதும் பெருஞ்செலவும் அன்று.

அக்காள் மகளுக்கு இன்னும் இரண்டொரு ஆண்டில் இடம் தேட வேண்டும். அதற்கான விவரங்களை இக்கோடையிலேயே நேரில் சென்று விசாரிக்க நினைத்திருக்கிறேன். இவ்விதழ் படிக்கும் அன்பர்களின் இல்லங்களில் ஓடும் பெண் எவரேனும் இருப்பின் சங்கத்துக்கு எழுதுங்கள். அவர்களுக்காகவும் சேர்த்தே கேட்டு வருகிறேன்.