முப்பது அடிச் சரிவு



சென்ற ஆண்டில் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் தொடர்ந்து பல ஞாயிற்றுக்கிழமைகளாக ஆராதனைக்கு வராதது என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அவர் மனைவியும் மகளும் வந்தார்கள். விசாரித்தபோது, "பயிற்சிக்குப் போயிட்டு வந்து படுத்திருக்கார் ஐயா" என்று அந்தச் சகோதரி தயக்கத்தோடு சொன்னார். ஆராதனையைக் காட்டிலும் விளையாட்டு பெரிதாகிவிட்டதோ என்று எண்ணினேன். கடிந்துகொள்ளும் நோக்கத்தோடுதான் அடுத்த ஞாயிறு விடியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. (அவர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. நம்மில் பலருக்குத் தெரியும்.)

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே அவரைக் கண்டேன். காண்பதற்கு முன் ஓசைதான் கேட்டது. தாளம் தவறாத ஓர் அறைதல். பிறகு இருளிலிருந்து மூன்று சக்கரங்கள் வெளிப்பட்டன. நாம் மருத்துவமனையில் காணும் சக்கர நாற்காலி அன்று அது. பின்னால் மேற்புறம் உள்ளே சாய்ந்த இரு பெரிய சக்கரங்கள், முன்னால் நீண்டு செல்லும் ஒரு குழாயின் நுனியில் ஒரு சிறிய சக்கரம். மண்டியிட்டுக் குனிந்த நிலையில் அதற்குள் உடலைப் பொருத்திக்கொண்டு, தடித்த கையுறைகளால் சக்கரத்தோடு இணைந்த சிறு வளையத்தை மேலிருந்து கீழாக அறைந்து தள்ளுகிறார்கள். பல்சக்கரமோ சங்கிலியோ கிடையாது. கைகளும் தோள்களும் மட்டுமே. சில அடி பின்னால் அவர் மனைவி ஸ்கூட்டியின் விளக்கை எரியவிட்டபடி மெதுவாக வந்துகொண்டிருந்தார். உறக்கம் கலையாத மகள் அவர் முதுகில் சாய்ந்திருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைதான் ஐயா சுண்ணாம்புக்கல் லாரி குறைவா இருக்கும். மத்த நாள்ல இந்த ரோட்டுல இறங்கினா வீட்டுக்குத் திரும்புவேனான்னு தெரியாது" என்றார்.

சிமென்ட் ஆலைகளுக்கு நடுவே வாழும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெயிலும் ஒரு காரணம். முதுகுத்தண்டு முறிந்த இடத்துக்குக் கீழே பலருக்கு வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. உடலின் சூடு வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்குமேல் பயிற்சி செய்வது அவருக்கு ஆபத்து. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் நேர்ந்த பைக் விபத்தில் அவர் முதுகுத்தண்டு முறிந்தது. செல்பேசி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறார். மனைவி தையல் வேலை செய்கிறார். பழைய நாற்காலி ஒன்றைக் கடன் பட்டு வாங்கியிருக்கிறார்கள். புதியது என்றால் விலை லட்சங்களில்.

சாலையோரத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி பயணங்களைப் பற்றிச் சொன்னார். பெரம்பலூருக்கு ரயில் இல்லை. சென்னைக்குச் செல்வதானாலும், அங்கிருந்து பெங்களூர் செல்வதானாலும், அரியலூருக்கோ திருச்சிக்கோ போய்த்தான் ஏற வேண்டும். இரண்டு நாற்காலிகள்: ஒன்று வாழ்வதற்கு, ஒன்று ஓடுவதற்கு. இரண்டையும் அவரையும் பெட்டியில் ஏற்ற இருவர் வேண்டும். கழிவறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலானது. ஆகவே புறப்படுவதற்கு முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் ஒருமுறை சிறுநீர்த் தொற்று கண்டு, போட்டி நாளில் காய்ச்சலோடு படுத்திருந்தாராம். "நூறு மீட்டர் இருபது செகண்டுக்குள்ள முடிஞ்சிடும் ஐயா. அதுக்கு ரெண்டு ராத்திரி பயணம். அந்த ரெண்டு நாளும் கடைக்குப் பூட்டு" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் ஒருமுறை சக்கரத்தின் டயருக்குப் போய்விட்டதாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். எனக்கு அதுவே கனமாக இருந்தது.

அவர் கடைச் சுவரில் மாலதி ஹொல்லா என்னும் அம்மையாரின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. பார்த்திருப்பீர்கள், யாரென்று கேட்டிருக்கமாட்டீர்கள். நானும் கேட்டதில்லை. 1958-ல் பெங்களூரில் பிறந்தவர். ஒரு வயதைச் சற்றே கடந்த நாளில் வந்த இளம்பிள்ளைவாதக் காய்ச்சல் உடல் முழுவதையும் முடக்கியது. இரண்டாண்டுகள் மின்அதிர்வுச் சிகிச்சை அளித்தார்கள். இடுப்புக்கு மேல் பலம் திரும்பியது, கீழே திரும்பவில்லை. பின்பு நம் சென்னையில் ஓர் எலும்பு சிகிச்சை இல்லத்தில் 15 ஆண்டுகள் தங்கியிருந்தார். 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். தோட்டத்தில் மாம்பழம் விழுந்தால் எல்லாருக்கும் முன்னே ஓடிப்போய் எடுக்க வேண்டும் என்பதே சிறுவயது ஆசையாக இருந்ததென்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். அந்த ஆசை சக்கரங்களின்மேல் நிறைவேறியது. 1989-ல் டென்மார்க்கில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில் 200 மீட்டர் ஓட்டம், குண்டு, வட்டு, ஈட்டி ஆகிய நான்கிலும் தங்கம். 1995-ல் அர்ஜுனா விருது, 2001-ல் பத்மஸ்ரீ. இவை அனைத்தும் சிண்டிகேட் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே.

செய்தித்தாள்கள் பதக்கங்களை எண்ணுகின்றன. நான் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நின்றுவிட்டேன். பெற்றோர் ஓர் ஊரில், பிள்ளை வேறோர் ஊரில், அதுவும் கட்டிலில். அப்படி வளர்ந்தவர் பின்னாளில் நண்பர்களோடு சேர்ந்து, உடல் குறைபாடுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு மாத்ரு என்று பெயர் வைத்தார். தாய் என்று பொருள். தமக்குக் கிடைத்த குடும்பத்தின் பெரும்பகுதியை அவர் தாமே உண்டாக்கிக்கொண்டார் என்று சொல்லலாம்.

நான் கேட்க வந்த கேள்வி மிச்சமிருந்தது. பயிற்சிதான் ஏழரைக்கே முடிந்துவிடுகிறதே, நம் ஆராதனை ஒன்பது மணிக்கு அல்லவா, பிறகு ஏன் வருவதில்லை தம்பி, என்றேன். நெடுநேரம் கையுறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கோபப்படாதீங்க ஐயா. வாசல்ல அஞ்சு படி. நாலு பேர் என்னைத் தூக்கிட்டு உள்ள வருவாங்க. இங்க மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்துல வந்தவன், அங்க மூட்டை மாதிரி வருவேன். அப்புறம் நீங்க திமிர்வாதக்காரனைப் பத்திப் பிரசங்கம் பண்ணும்போது சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். எனக்குச் சுகம் கிடைக்கணும்னு கண்ணீரோட ஜெபிக்கிறீங்க. நான் கேக்கிறது ஒரு சரிவுப் பாதை."

இறையியல் கல்லூரியில் கிரேக்க மொழி படித்தவன் நான். பவுல் கொரிந்தியருக்குப் பந்தயத்தைப் பற்றி எழுதியபோது, அவ்வூருக்கு அருகே ஈராண்டுக்கொருமுறை நடந்த இஸ்த்மிய விளையாட்டுகளை மனத்தில் கொண்டிருக்கலாம் என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பந்தயத்தில் ஓடும் ஒருவர் என் கண்ணெதிரே ஐந்து படிகளுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளி என்று சொல்லப் பழகிக்கொண்டோம். படிகள் அப்படியே இருந்தன. அன்று கடிந்துகொள்ளாமலே திரும்பினேன்.

கமிட்டியில் பேசியபோது எழுந்த எதிர்ப்பு, நான் நினைத்ததைவிடச் சிறியதும் வினோதமானதுமாக இருந்தது: இருசக்கர வாகனங்களை எங்கே நிறுத்துவது? கொத்தனார் எட்டடியில் ஒரு சரிவு போட்டுவிட்டார். சகோதரர் வந்து பார்த்து, "இது சறுக்குமரம் ஐயா, இதுல ஏறினா பின்னால கவிழ்ந்துருவேன்" என்றார். அப்போதுதான் கணக்கைக் கற்றுக்கொண்டோம்: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஐந்து படிகளின் உயரம் இரண்டரை அடி. ஆக, முப்பது அடி. அத்தனை நீளத்துக்கு இடமில்லாததால், நடுவே ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டினோம். வாகனங்கள் இப்போது வேப்பமரத்தடியில் நிற்கின்றன. முதல் கட்டுமானத்தை உடைத்த செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவரைக் கேட்காமல் வேலையைத் தொடங்கச் சொன்னவன் நான்.

அந்த வாரங்களில் என் மகன் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினான். சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹுக் 2021-ல் ஜப்பானின் ஒய்ட்டா நகரில் சக்கர நாற்காலி மாரத்தானை ஒரு மணி 17 நிமிடம் 47 வினாடியில் முடித்திருக்கிறார். 42 கிலோமீட்டர்! கால்களால் ஓடும் உலகின் தலைசிறந்த வீரர்களுக்கு அதே தொலைவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. நம் சகோதரரிடம் சொன்னபோது, "தெரியும் ஐயா, அவர் நாற்காலியும் தெரியும், விலையும் தெரியும்" என்றார்.

சரிவு முடிந்த முதல் ஞாயிறன்று, அதில் முதலாவதாக ஏறியவர் மூட்டு வலியால் பல மாதங்களாக வெளியே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பாட்டி ஒருவர். இரண்டாவது, தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை. சகோதரர் அடுத்த வாரம் வந்தார்; யாரும் தொடவில்லை, தாமே தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். அன்று நான் வேறொரு வேதபகுதியைப் பிரசங்கித்தேன். திமிர்வாதக்காரனைப் பற்றி மறுபடி எப்படிப் பேசுவதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் அவர் ஊரில் இல்லை, போட்டிக்குச் சென்றிருக்கிறார். ஜெபக் குறிப்புப் பெட்டியில் மகளின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. அப்பா ஜெயிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும் என்று எண்ணிப் பிரித்தேன். திரும்பி வரும் ரயிலில் கீழ்ப் படுக்கை இன்னும் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது, அதற்காக ஜெபியுங்கள் என்று எழுதியிருந்தாள்.