நெகிழ்வட்டில் உறங்கிய தமிழ்ப் பாடங்கள்



கரையானுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் இரையான ஓலைச்சுவடிகளை எண்ணி நாம் வருந்துவது வழக்கம். எஞ்சியவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்திராவிடில், அக்காப்பியத்தை இன்று எத்தனை பேர் அறிந்திருப்போம்? ஆயினும், நம் காலத்துச் சுவடிகளும் நம் கண்முன்னே அழிந்து வருகின்றன என்பதை நாம் நினைப்பதில்லை. அவை பனையோலைகள் அல்ல. மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகள். ‘பிளாப்பி’ என்று நாம் அழைத்த அவற்றின் விற்பனையைச் சோனி நிறுவனம் ஜப்பானிலேயே 2011இல் நிறுத்திவிட்டது.

யாங்கோனில் தமிழ்க் கல்வி கடந்து வந்த பாதையைப் பெரியோர் நன்கறிவர். 1960களின் நடுப்பகுதியில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின்னர், கோயில் மண்டபங்களிலும் இல்லங்களிலும் நடந்த வகுப்புகளே தமிழைக் காத்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கிடைத்தபோதும், அவற்றில் வரும் ஊரும் பேரும் இங்குப் பிறந்த குழந்தைக்கு அயலானவை. ஆகவே ஆசிரியர் சிலர் தாமே பாடங்கள் எழுதினர். கண்டோஜி ஏரிக்கரையில் நடக்கும் கதை, திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் நடுவில் ஒன்றாய் வரும் காரணம் முதலியன அவற்றுள் இடம்பெற்றன.

அத்தகைய ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தார், சென்ற ஆண்டு 23 நெகிழ்வட்டுகள் அடங்கிய பெட்டியொன்றை என்னிடம் ஒப்படைத்தனர். ஆசிரியர் மறைந்துவிட்டார். அச்சுப்படிகளோ மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்து உதிர்ந்து போயின. வட்டுகள் வாய் திறவாவிடில் அப்பாடங்களே இல்லை என்னும் நிலை.

என்னிடம் இருந்தது லினக்ஸ் இயங்கும் ஒரு பழைய கணினி. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இவ்வமைப்பு, யூனிக்ஸ் என்னும் பெருமரபின் வழிவந்தது. வட்டுகளோ டாஸ் முறையில் வடிவமைக்கப்பட்டவை. இவ்விரண்டின் இயல்பும் வெவ்வேறு. டாஸ் என்பது ஒருவர் மட்டும் வாழும் வீடு. எப்பொருள் யாருடையது என்னும் கேள்வியே அங்கு எழுவதில்லை. யூனிக்ஸ் ஒரு கூட்டுக்குடும்பம். ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் உண்டு, திறக்க உரிமை பெற்றோர் உண்டு. டாஸில் ஒவ்வொரு வட்டும் ஏ, சி என்று தனிப்பெயர் கொண்டு நிற்கும். லினக்ஸிலோ எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். வட்டைச் செருகியபின் அதனை ஒரு கிளையில் பொருத்தினால்தான் உள்ளிருப்பது தெரியும். இதற்கு ‘மவுண்ட்’ என்று பெயர். அவ்வாறு பொருத்தும்போது, இது டாஸ் வட்டு, இதிலுள்ள கோப்புகள் இன்னாருக்கு உரியன, படிக்க மட்டுமே அனுமதி என்று நாம் தெளிவாகக் கட்டளையிட வேண்டும். இவற்றை அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதிவைத்தால், பின்னர் மாணவரும் எளிதில் திறக்கலாம். பொருத்தாமலே கோப்புகளைப் படியெடுக்க ‘எம்டூல்ஸ்’ என்னும் கருவித்தொகுப்பும் உண்டு.

பழைய வட்டைத் தொடும்போது முதற்கடமை, அதில் எதுவும் எழுதப்படாமல் காப்பதே. வட்டின் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்துவைத்தால், எழுதுவது தடுக்கப்படும். அடுத்து, கோப்புகளைத் தேடுவதற்கு முன் வட்டு முழுவதையும் ஒரே படிமமாக எடுத்தல் வேண்டும். ஒரு வட்டில் 512 பைட்டு கொண்ட 2,880 பிரிவுகள் உண்டு. பழுதுற்ற வட்டுகளுக்கு ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் நிரலைப் பயன்படுத்தினேன். அது நல்ல பகுதிகளை முதலில் படித்து முடித்து, கெட்ட பகுதிகளைப் பின்னர் பொறுமையாக மீண்டும் மீண்டும் முயலும். எந்தக் கோப்பு எங்கெங்கே தொடர்கிறது என்று கூறும் அட்டவணையை டாஸ் இருமுறை எழுதிவைக்கும். ஒன்று சிதைந்தாலும் மற்றொன்று வழிகாட்டும். முன்னோர் சுவடிக்குப் படி எடுத்துவைத்த அறிவு அதிலும் இருக்கக் கண்டேன்.

பதினேழு வட்டுகள் முழுமையாகப் பேசின. நான்கு அரைகுறையாகப் பேசின. இரண்டு மௌனம் காத்தன.

கோப்புகள் கிடைத்தும் தமிழ் கிடைக்கவில்லை. திரையில் தோன்றியவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தன. ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், ‘ஜே, கே, பி, ஓ’ என்ற நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினியில் பதியும். மேலும் ‘கொ’ என எழுத முதலில் கொம்பு, பின்னர் ககரம், பின்னர் கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே தட்டுவர். இன்றைய யூனிகோடு முறையிலோ ககரமே முன்னிற்கும். ஆகவே எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, கொம்பையும் இடம்மாற்ற வேண்டும். மாணவர்களே, இது உங்களுக்குப் புதிதன்று. பர்மிய எழுத்திலும் முன்னே நின்று பின்னே ஒலிக்கும் குறி உண்டு. 2019 அக்டோபர் 1ஆம் நாள் மியன்மா நாடு ஸாஜி எழுத்துருவை விட்டு யூனிகோடுக்கு மாறத் தொடங்கியபோது எழுந்த சிக்கல்களுள் அதுவும் ஒன்று.

மாற்றி முடித்தபின் கோப்புகளின் நாளும் நேரமும் என் கண்ணில் பட்டன. 1998, 1999ஆம் ஆண்டுகள். பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல். பகலெல்லாம் பிழைப்புக்காக உழைத்து, மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து, பிறர் பிள்ளைகளுக்காக அவர் விழித்திருந்தார் போலும். ஊதியம் கருதாத அவ்வுழைப்பின் சான்று, அந்தச் சிறு எண்களில் அன்றி வேறெங்கும் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய வட்டுகள் இருக்கலாம். குப்பையென எறிந்துவிடாதீர்கள், வெயிலும் ஈரமும் காந்தமும் அணுகாமல் வைத்திருங்கள். காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிவதால், படியெடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். எடுத்த படியை வெவ்வேறு இடங்களில் வைப்பதோடு, தாளிலும் ஒன்று அச்சிடுங்கள்.

மாணவச் செல்வங்களே! கணினிக் கல்வியும் தமிழ்க் கல்வியும் இருவேறு பாதைகள் என்று எண்ணாதீர்கள். கொம்பும் காலும் எங்கே நிற்கும் என்று அறிந்தவரே அக்கோப்புகளை மீட்க முடிந்தது. மௌனம் காத்த இரண்டு வட்டுகளும் என்னிடம் பத்திரமாக உள்ளன. என்னினும் வல்லவராய் உங்களுள் ஒருவர் வளர்ந்து வந்து, அவற்றைப் பேசவைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!