பிறந்த காடு

"பூர்வீக வீடு தம்பிக்குத்தான? விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுரு" என்றாள் அம்மா. குற்றாலம் பேரருவியில் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றோம்.

கிர் காட்டில் சிங்கங்களைப் பின்தொடர்ந்துவிட்டு அப்போதுதான் தென்காசிக்கு வந்திருந்தேன். அங்கே கூட்டம் என்றால் தாய், மகள்கள், சகோதரிகள். வளர்ந்த ஆண்கள் வெளியேறி, இரண்டு மூன்றாகச் சேர்ந்து வேறு எல்லை பிடிக்கின்றன. பெண் சிங்கங்கள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே வாழ்கின்றன.

அம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, மிருகமும் நாமளும் ஒண்ணா?"

"இல்லம்மா. அதுக்குச் சட்டம் வேண்டாம். நமக்கு வேணும். தமிழ்நாட்டுல 1989லயே வந்துட்டு, பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்குன்னு."

அம்மா முடியைப் பிழிந்தாள். மாமாவுக்காக அவளும் கையெழுத்திட்டவள்.

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை.