ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம்

புதுச்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பக்கத்திலேயே திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907இல் திறந்த கோதிக் கோயில்; சிவப்பும் வெள்ளையுமாக, பெயின்ட் அடித்த கல்யாண வீடு மாதிரி நிற்கிறது. பொய் சொல்வானேன், ஃபேன் காற்றுக்காகத்தான் உள்ளே போனேன்.

உள்ளே 24 தூண்கள். மேலே கும்பிடும் கைகள்போலக் கூம்பிச் சேரும் வளைவுகள். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடிப் புனிதர்கள். முந்தானையால் முக்காடு போட்டு ஒரு ஆயா முழங்காலிட்டிருந்தார். கண்ணாடி வழியே வந்த நீலம் முதலில் அவர் தோளில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த ஜெபமாலைக்கு இறங்கியது. அவர் கவனிக்கவே இல்லை. பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கோயிலில் மல்லிகை வாசம் தூக்கலாக இருந்தது. அப்புறம் ஓடித்தான் ரயிலைப் பிடித்தேன்.